ஜிகினா மை ஊற்றிய பேனா மக்கர் செய்தால்

மூடியைக் கழற்றினால் நிப்பின் மேல் பச்சையும் தங்கமுமாகப் பொருக்குக் கட்டியிருக்கும். "ஜிகினா மை ஊத்தினேன், அந்தப் பொடி போய் அடைச்சிருச்சு, பேனா போச்சு" என்று நண்பர்கள் என்னிடம் நீட்டுவார்கள். பிரித்துக் கழுவும்போதுதான் கதை வேறு என்று தெரியும். என் கைக்கு வந்தவற்றில் முக்கால்வாசிப் பேனாக்களை அடைத்திருந்தது இரண்டு மாதம் எழுதாமல் காயவிட்ட மை. பளபளவென்று கண்ணில் படுவதால் பழி மட்டும் பொடியின் தலையில் விழுகிறது.

இந்த வித்தியாசம் எதற்கு? சாயம் தண்ணீரில் கரையும், பொடி கரையாது. காய்ந்த சாயத்தை ஊறவைத்தால் போதும். பொடியோ எத்தனை நாள் ஊறினாலும் பொடிதான். அதைத் தண்ணீரால் தள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டும். ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது இது: ஊறவைக்க வேண்டிய கோளாறா, தள்ள வேண்டிய கோளாறா?

பேனாவைத் தொடும் முன் குப்பியைப் பாருங்கள்

கடையில் 'மெட்டாலிக்', 'கோல்டு' என்று விற்கும் எல்லா மையும் இங்க் பேனாவுக்கானது இல்லை. கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும் தங்க மை, வெள்ளி மைகளில் பல, தொட்டு எழுதும் நிப்புக்கும் தூரிகைக்கும் செய்தவை. அவற்றில் அரக்கோ அக்ரிலிக்கோ கலந்திருக்கும். ஒருமுறை உள்ளே காய்ந்தால் தண்ணீர் அதை அசைக்காது. அப்படி ஒன்றை ஊற்றியிருந்தால் மீதிக் கட்டுரையைப் பிறகு படியுங்கள், இப்போதே கழுவப் போங்கள். ஈரமாக இருக்கும்வரைதான் வாய்ப்பு. ரெசின் கடையில் விற்கும் மைக்காப் பொடியைச் சாதாரண மையில் ஒரு சிட்டிகை கலந்து பார்க்கலாமே என்ற யோசனையும் பலருக்கு வருகிறது. வேண்டாம். அந்தப் பொடியைப் பேனாவின் நூல் போன்ற கால்வாய்க்கு ஏற்றபடி யாரும் சலித்துத் தருவதில்லை.

இங்க் பேனாவுக்கென்றே வரும் ஜிகினா மைகள் வேறு இனம். 1670இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் ஜே. ஹெர்பின், தன் 340ஆம் ஆண்டை ஒட்டி 2010இல் ரூஜ் எமாடீட் என்ற சிவப்பு மையைக் கொண்டுவந்தது. இன்று எல்லோரும் ஆசைப்படும் எமரால்டு ஆஃப் சிவோர் 2015இல் வந்தது. அதே ஆண்டு லிவர்பூலின் டயமைன் 10 நிறங்களோடு ஷிம்மர்டாஸ்டிக் வரிசையைத் தொடங்கியது. இவற்றிலெல்லாம் நடப்பது ஒன்றேதான். தண்ணீர், அதில் கரைந்த சாயம், அதில் மிதக்கிற மிக நுண்ணிய பொடி. அந்தப் பொடி பெரும்பாலும் நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்லும் மைக்காதான். டைட்டானியம் டையாக்சைடோ இரும்பு ஆக்சைடோ அதன் மேல் மெல்லிய பூச்சாக இருக்கும். மைக்கா தண்ணீரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். அசையாமல் வைத்தால் அடியில் போய் உட்காரத்தான் செய்யும். அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சில நீல மைகள் காய்ந்தபின் மேலே சிவப்பாக மின்னும். அதில் பொடி கிடையாது. சாயம் அவ்வளவு அடர்த்தி. தாளின் மேலேயே படிகமாகத் தங்கி அப்படி மின்னுகிறது. ஷீன் என்பார்கள். எமரால்டு ஆஃப் சிவோரில் இரண்டும் உண்டு. பொடியும் உண்டு, அடர்சாயமும் உண்டு. அது பேனாவில் காய்ந்தால் பிடிவாதம் செய்வதற்கு அந்த அடர்சாயம்தான் காரணம் என்பது என் அனுபவம்.

கையில் இருக்க வேண்டியவை

நிறைய வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று. குழந்தையின் மூக்கில் சளி எடுக்கும் ரப்பர் பல்பு ஒன்று. கன்வர்ட்டரை (பேனாவுக்குள் மை தங்கும், பிஸ்டனைத் திருகினால் மையை உறிஞ்சும் சின்னக் குழாய்) கழற்றிய இடத்தில் பல்பின் வாயை வைத்துப் பிதுக்கினால் கன்வர்ட்டரைத் திருகித் திருகி அரை மணி நேரம் செய்யும் வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். மிருதுவான பழைய பல் பிரஷ், காது பட்ஸ், வெள்ளைக் கிண்ணம், பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு, பிஸ்டனுக்குச் சிலிக்கான் கிரீஸ். கிண்ணம் வெள்ளையாக இருக்கட்டும். வெளியே வருவது சாயமா பொடியா என்று அதில்தான் தெரியும்.

தண்ணீர் சாதாரணக் குளிர்ந்த தண்ணீர். கொதிநீர் எபோனைட் என்ற கெட்டி ரப்பரின் நிறத்தைக் கெடுக்கும், பிளாஸ்டிக்கை வளைக்கும். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் கழுவுவதை அதில் செய்துவிட்டுக் கடைசி இரண்டு அலசலை மட்டும் ஆர்.ஓ. தண்ணீரில் செய்யுங்கள். வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, நிப்பின் பிளவிலும் படியும்.

அறிகுறி: எடுத்த எடுப்பில் எழுதவில்லை, நாலு கீறல் கீறினால் எழுதுகிறது

இது ஊறல் கோளாறு. நிப்பின் நுனியில் இருந்த ஈரம் போய்ச் சாயம் மெல்லிய தோலாகக் காய்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தரையில் மை தெளிக்க உதறினோமே, அந்தப் பழக்கத்தை இங்கே காட்டாதீர்கள். உதறினால் பின்னால் இருக்கும் பொடியும் சேர்ந்து முன்னால் ஓடிவந்து ஃபீடின் வாயில் கூடும். (ஃபீடு என்பது நிப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கறுப்புக் கட்டை. மை வருவதும் அதன் வழியாகத்தான், உள்ளே காற்று போவதும் அதன் வழியாகத்தான்.)

டிஷ்யூவை நனைத்துப் பிழிந்து நிப்பின் மேல் பத்து விநாடி சுற்றி வையுங்கள். நிறம் கசிந்து டிஷ்யூவில் இறங்கும். பிறகு எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

தினமும் காலையில் இதையே செய்ய வேண்டியிருந்தால் மூடியைச் சந்தேகியுங்கள். மூடி காற்றுப் புகாமல் மூடுகிறதா என்று வாயில் வைத்து ஊதிப் பார்ப்பது பழைய வழி. கிளிப்பின் அடியிலோ தலையிலோ காற்றுக் கசிந்தால் எந்த அடர்சாய மையும் அந்தப் பேனாவில் காயும், ஜிகினா இருந்தாலும் இல்லாவிட்டாலும். பிளாட்டினம் நிறுவனத்தின் 3776 செஞ்சுரியிலும் அதன் மலிவான தம்பி பிரெப்பியிலும் உள்மூடி ஸ்பிரிங்கோடு அழுத்தி மூடும். அதனால் காய்வது வெகுவாகக் குறையும். ஆனால் பொடி படிவதை எந்த மூடியாலும் தடுக்க முடியாது. இதை மறந்துவிட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு.

அறிகுறி: எழுதுகிறது, ஆனால் மினுக்கமே இல்லை

முதலில் விளக்கைச் சந்தேகியுங்கள். நான் கேலி செய்யவில்லை. டியூப்லைட் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி விழுவதால் மினுக்கம் அதில் அமுங்கிவிடும். ஜன்னலோர வெயிலிலோ ஒற்றை பல்பின் கீழோ தாளைச் சாய்த்துப் பாருங்கள். அங்கே மின்னினால் பேனாவில் ஒரு குறையும் இல்லை.

அங்கும் இல்லையா? சட்டைப் பையில் நிப்பு மேலே இருக்கும்படி நாள் முழுக்கக் குத்தி வைத்திருந்தால், பொடி மொத்தமும் கன்வர்ட்டரின் அடிப்பக்கம் போய்ப் படிந்திருக்கும். நிப்புக்கு வருவது வெறும் சாயம். பேனாவைப் படுக்கவைத்து, மோர் கடையும் மத்தைப் போல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இருபது தடவை உருட்டுங்கள். பிறகு மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஐந்தாறு முறை போதும். கன்வர்ட்டரில் கொஞ்சம் காற்று இருந்தால்தான் உள்ளே கலக்கம் நடக்கும். முட்ட முட்ட நிரப்பினால் அசைவதற்கு இடமே இல்லை. அரைக் கன்வர்ட்டர்தான் ஜிகினா மைக்குச் சரியான அளவு என்பது என் கட்சி. கலங்குவதும் எளிது, மூன்று நாலு நாளில் எழுதியும் தீர்த்துவிடலாம். பைலட்டின் கான்-40 கன்வர்ட்டரில் சின்ன உலோக உருண்டைகள் இருக்கும். பேனாவைச் சாய்த்தாலே அவை உருண்டு மையைக் கலக்கிவிடும். மற்ற மைக்கு அந்தக் கன்வர்ட்டர் சிறியது என்று குறைப்படுகிறவர்கள் இதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

உருட்டியும் பலனில்லை என்றால், நிரப்பும்போதே பொடி ஏறவில்லை. குப்பியை உருட்டிக் கவிழ்த்துக் கலக்கிய கையோடு நிரப்ப வேண்டும். கலக்கிவிட்டுப் போனை எடுத்துப் பேசிவிட்டு வந்தால் பொடி மறுபடி கீழே. வேகமாகக் குலுக்கினால் நுரை வரும், நுரையை உறிஞ்சினால் பாதி காற்று. கலக்காமலேயே ஊற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு இன்னொரு வினை காத்திருக்கிறது. மேலே தெளிந்த மையெல்லாம் தீர்ந்து, கடைசி 10 மி.லி.யில் 50 மி.லி.க்கு உரிய பொடியும் சேர்ந்து கிடக்கும். அந்தச் சேற்றைப் பேனாவில் ஏற்றினால் உண்மையாகவே பொடி அடைப்பு வரும்.

மிச்சம் இருப்பது நிப்பும் தாளும். ஜப்பானிய ஃபைன் நிப்பு விடுகிற மையின் அளவே குறைவு. அதில் எத்தனை பொடி வந்து விழும்? மீடியம், பிராடு, அல்லது முனை தட்டையான 1.1 மி.மீ. ஸ்டப் நிப்புக்கு மாறினால் அதே மை வேறு மையாகத் தெரியும். சாதாரண ஜெராக்ஸ் தாள் மையை உறிஞ்சிக்கொள்ளும், பொடி நாருக்குள் புதைந்துவிடும். டோமோயே ரிவர் மாதிரி மையை மேலேயே நிறுத்தி வைக்கும் தாளில்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

அறிகுறி: நன்றாகத் தொடங்கி, அரைப் பக்கத்தில் வெளிறி, நின்றுபோகிறது

குழப்பமான அறிகுறி இது. காரணம் இரண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

பேனாவின் உடலைத் திருகிக் கழற்றிக் கன்வர்ட்டரைப் பாருங்கள். மை பின்பக்கம் தொங்கிக்கொண்டு, முன்வாயில் காற்றுக்குமிழி உட்கார்ந்திருக்கிறதா? அப்படியானால் மை கீழே இறங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. விரலால் சுண்டுங்கள். இறங்காவிட்டால் திருகை மெல்லத் திருப்பி நிப்பில் ஒரு சொட்டு தெரியும்வரை தள்ளுங்கள். அந்தச் சொட்டைத் துடைத்துவிட்டு எழுதுங்கள். இரண்டு பக்கம் தடையில்லாமல் ஓடினால் கோளாறு குமிழியோடு போயிற்று. அடுத்த முறை கழுவும்போது கன்வர்ட்டரையும் ஒரு சொட்டு லிக்விட் கலந்த தண்ணீரில் அலசி விடுங்கள், குமிழி ஒட்டாது.

சொட்டைத் தள்ளியபின் அரைப் பக்கம் எழுதி மறுபடி நின்றால், ஃபீடில் இருக்கும் மைதான் செலவாகிறதே தவிர, பின்னாலிருந்து வரத்து இல்லை. இது தள்ளல் கோளாறு. மேஜை ஸ்டாண்டில் நிப்பு கீழே இருக்கும்படி வைத்த பேனாக்களில் இதை அதிகம் பார்க்கிறேன். பொடி சரிந்து வந்து கன்வர்ட்டரின் கழுத்திலும் ஃபீடின் பின்வாயிலும் குழைந்துபோய்க் கிடக்கும். கன்வர்ட்டரைக் கழற்றுங்கள், பல்பை வைத்துத் தண்ணீரை இரு திசையிலும் விடுங்கள். உறிஞ்சி, பிதுக்கி, உறிஞ்சி, பிதுக்கி. கிண்ணத்தில் முதலில் நிறம் வரும், பிறகு தெளியும். தெளிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கிண்ணத்தைச் சுழற்றினால் நடுவில் தங்கத் துகள் கூடுகிறதா என்று பாருங்கள். அது நிற்கும்வரை தள்ள வேண்டும்.

எழுதாத நேரத்தில் பேனா படுத்துக் கிடக்கட்டும். ஸ்டாண்டுக்கு அழகாக வேறு பேனாவை வையுங்கள்.

அறிகுறி: சுத்தமாக எழுதவே இல்லை

இங்கே பொறுமை வேண்டும். அவசரப்பட்டு உடைப்பதும் இங்கேதான்.

மை வரவில்லை என்றதும் பலர் முதலில் செய்வது கன்வர்ட்டரின் திருகை முரட்டுத்தனமாகத் திருப்புவது. முன்னால் வழி அடைத்திருக்கும்போது அந்த அழுத்தம் போக இடமில்லாமல் பிஸ்டனின் ரப்பரை மீறிப் பின்பக்கம் மையைக் கசியவிடும், அல்லது கன்வர்ட்டரே பிடுங்கிக்கொண்டு சட்டையை நனைக்கும். கன்வர்ட்டரை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் மையைக் கொட்டிவிடுங்கள். அதைத் திரும்பக் குப்பியில் ஊற்றக் கூடாது.

நிப்பு இருக்கும் முன்பகுதியை மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரில், நிப்பு கீழே பார்க்க, நிறுத்தி வையுங்கள். லிக்விட் ஒரே ஒரு சொட்டு. கால் மணியில் நிப்பிலிருந்து சாயம் புகைபோல நெளிந்து இறங்குவதைப் பார்க்கலாம். காய்ந்த மைதான் அடைத்தது என்பதற்கு அதுவே சாட்சி. தண்ணீரை மாற்றி மாற்றி ஓர் இரவு வைத்தால் பெரும்பாலானவை திறந்துகொள்ளும். காலையில் பல்பு. முதல் பிதுக்கலில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்து, பத்தாவதில் நீட்டாகப் பீய்ச்சினால் வேலை முடிந்தது. (கேசீன் என்ற பாலிலிருந்து செய்யும் பொருளால் ஆன பேனா உங்களிடம் இருந்தால் அதை மட்டும் ஊறவைக்காதீர்கள். தண்ணீர் குடித்து வீங்கிவிடும்.)

சாயம் எல்லாம் போய்த் தண்ணீர் தெளிந்த பிறகும் பீய்ச்சல் வரவில்லை என்றால் பிரித்தாக வேண்டும். பிரிப்பதற்கு முன் உங்கள் பேனாவில் நிப்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். லாமி சஃபாரியில் ஃபீடைத் தொடவே வேண்டாம். நிப்பின் மேல் செல்லோ டேப்பை ஒட்டி நேராக முன்னால் இழுத்தால் நிப்பு மட்டும் வழுக்கி வந்துவிடும். ஜின்ஹாவ் எக்ஸ்750 போன்றவற்றில் நிப்பையும் ஃபீடையும் சேர்த்து ரப்பர் துண்டால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். சில பேனாக்களில் நிப்பு, ஃபீடு, அதைச் சுற்றிய வளையம் எல்லாம் ஒரே அலகாகத் திருகிக் கழலும். அதைத் திருகாமல் இழுத்தால் மரை போய்விடும். ஊறவைத்த உடனே இழுங்கள். காய்ந்த மை கோந்து மாதிரி பிடிக்கும்.

வெளியே வந்த ஃபீடைக் குழாயடியில் பிரஷால் தேயுங்கள். நடுவில் ஓடும் கால்வாய், ஓரத்தில் சீப்புப் பல் போன்ற அடுக்குகள். பொடி ஒளிந்திருப்பது அந்தச் சீப்புப் பற்களில். குண்டூசியால் கால்வாயைக் குடையாதீர்கள். அதன் அகலம்தான் மையின் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு கீறல் விழுந்தால் அந்தப் பேனா ஆயுசுக்கும் ஒன்று வறளும், இல்லையேல் கக்கும். நிப்பின் பிளவில் சிக்கிய துகளுக்கு 0.05 மி.மீ. பித்தளைத் தகடு விற்கிறது. அதைப் பிளவில் ஒருமுறை வழுக்கி எடுத்தால் போதும். நாமெல்லாம் ஏழாம் வகுப்பில் அரை பிளேடை நுழைத்து நெம்பினோம். அந்த நிப்புகள் அப்புறம் எப்படி எழுதின என்று நினைத்துப் பாருங்கள்.

தெரிந்த கண்ணாடிக் கடைக்காரர் இருந்தால், மூக்குக் கண்ணாடியைப் போட்டு அதிரவைத்துக் கழுவும் அந்தச் சின்னத் தொட்டியில் நிப்பையும் ஃபீடையும் மட்டும் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுக்கலாம். கையால் எட்டாத பொடியை அது உதிர்க்கும். பழைய செல்லுலாய்டு, அரக்குப் பூச்சுப் பேனாக்களை அதில் இறக்காதீர்கள். அம்மோனியாவை ஒன்றுக்கு ஒன்பது தண்ணீராகக் கலந்து கழுவும் முறையும் வெளிநாட்டில் வழக்கம். சாயக் கறைக்கு நன்றாக வேலை செய்யும், பொடிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எனக்கு அது தேவைப்பட்டதில்லை. பயன்படுத்துகிறவர்கள் பிளீச்சிங் திரவத்தோடு அதை எந்தக் காரணத்துக்காகவும் சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும்.

பூட்டும்போது ஃபீடின் முதுகும் நிப்பும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். டிஷ்யூவில் சுற்றி, நிப்பு கீழே இருக்க ஓர் இரவு நிறுத்தினால் மிச்சத் தண்ணீரும் இறங்கிவிடும். காலையில் ஜிகினா மையை ஊற்றாதீர்கள். கேமலோ பிரில்லோ, வீட்டில் கிடக்கும் ஏதாவது சாதாரண நீல மையை ஊற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள். அது தடையில்லாமல் ஓடினால் பேனா குணமாகிவிட்டது என்று அர்த்தம். அதுவே தடுமாறினால் நோய் மையில் இல்லை, நிப்பில் இருக்கிறது.

அறிகுறி: கக்குகிறது

கழுவிய பிறகுதான் ஆரம்பித்ததா? லிக்விட் உள்ளே தங்கியிருக்கிறது. சோப்பு மையை இளக்கிவிடும், அது நிப்பில் நிற்காமல் வழியும். இன்னும் பத்து முறை வெறும் தண்ணீர் விட்டு அலசுங்கள். அலசியும் நிற்காவிட்டால் நிப்புக்கும் ஃபீடுக்கும் இடையே இடைவெளி இருக்கும்.

இங்க் ஃபில்லரால் உடலிலேயே நேராக மை ஊற்றும் பேனாவா? ராஜமுந்திரியின் ரத்னம், திருவள்ளூரின் ரங்கா எல்லாம் செய்கிற எபோனைட் பேனாக்களில் இந்த வகை உண்டு. உண்மையில் ஜிகினா மைக்கு எனக்குப் பிடித்தவை இவைதான். எபோனைட் ஃபீடின் கால்வாய் தாராளம், கையால் இழுத்தாலே வந்துவிடும், உடலுக்குள் பிரஷ் போகும். ஆனால் மை கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் மேலே இருக்கும் காற்று உள்ளங்கைச் சூட்டில் விரிந்து மையைத் தள்ளும். இது எல்லா ஊற்றுவகைப் பேனாவுக்கும் உள்ள குணம். சாதாரண மை என்றால் ஒரு சொட்டோடு போகும். இங்கே அடியில் படிந்த பொடியும் சேர்ந்து தாளில் தங்கப் பொட்டு வைத்துவிடும். பாதி குறைந்ததும் நிரப்புங்கள், அல்லது காலி செய்து கழுவுங்கள்.

மூடிக்குள் மை பூசியிருந்தால் அது கக்கியதாக இருக்காது, நீங்கள் குலுக்கியதாக இருக்கும். ஈர பட்ஸால் துடையுங்கள். பேனாவை உருட்டத்தான் சொன்னேன்.

அறிகுறி: நிப்பு கீறுகிறது

"பொடி நிப்பு முனையைத் தேய்த்துவிடும்" என்ற பயத்துக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. மைக்கா மென்மையான கனிமம். நிப்பின் முனையில் இருப்பதோ தேயாமல் இருக்கவே தேர்ந்தெடுத்த கடினமான உலோகக் கலவை. கீறல் எப்போது தொடங்கியது என்று யோசித்தால், பிரித்துப் பூட்டிய நாளாக இருக்கும். பூதக்கண்ணாடியில் பாருங்கள், பிளவின் இரண்டு பக்கங்களில் ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருக்கும்.

அறிகுறி: கழுவி வேறு மை ஊற்றியும் மின்னுகிறது

ஒன்றும் செய்ய வேண்டாம். ஃபீடின் மூலையில் தங்கிய பத்துத் துகள் வெளியே வருகிறது. மை ஒழுங்காக ஓடுகிறவரை அதனால் கெடுதல் இல்லை. மனசு கேட்காவிட்டால் ஃபீடைக் கழற்றி இன்னொரு முறை பிரஷ் போடுங்கள்.

கன்வர்ட்டரின் சுவரில் தங்க வளையம் படிந்து பிஸ்டன் இறுக்கமாக நகர்ந்தால், அதைக் கவனியுங்கள். பல கன்வர்ட்டர்களின் உலோக வளையத்தைத் திருகினால் பிஸ்டன் தனியே வந்துவிடும். பட்ஸால் உள்சுவரைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸை ஊசிமுனை அளவு தடவிப் பூட்டுங்கள். அதற்குமேல் தடவினால் கிரீஸ் ஃபீடுக்குப் போய் மையை நிறுத்திவிடும். ட்விஸ்பி எகோ என்ற பிஸ்டன் பேனாவின் பெட்டியிலேயே சாவியும் கிரீஸும் வரும். உடலும் கண்ணாடி போல இருப்பதால் பொடி எங்கே கிடக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும்.

அறிகுறி: எழுதியதைத் தொட்டால் விரலில் ஜிகினா

பொடி தாளின் மேலே உட்கார்ந்திருக்கிறது, உள்ளே போகவில்லை. கொஞ்சம் உதிரத்தான் செய்யும், எதிர்ப்பக்கத்திலும் ஒட்டும். அவசரத்துக்கு ஒற்றுத்தாள் வைக்காதீர்கள், மினுக்கம் மொத்தமும் அதில் ஏறிக்கொள்ளும். வாழ்த்து மடலுக்கு இந்த மை அருமை. செக்கில் கையெழுத்துக்கு வேண்டாம். தண்ணீர் பட்டால் சாயம் ஓடிவிடும், பொடி மட்டும் மிஞ்சும்.

அறிகுறி: குப்பியில் நாற்றம், மேலே படலம்

அடியில் படிவது இயல்பு. மேலே மிதப்பது இயல்பில்லை. மெல்லிய தோல் போன்ற படலம், வழவழப்பான கட்டி, புழுங்கல் நாற்றம் இருந்தால் பூஞ்சை. வடிகட்டிப் பார்க்கலாம் என்று ஆசைப்படாமல் குப்பியோடு எறியுங்கள், அந்த மை கடைசியாகப் போன பேனாக்களை எல்லாம் அன்றைக்கே கழுவுங்கள். 50 மி.லி. குப்பியில் பேனாவை நேராக முக்காமல், வேண்டிய அளவைச் சுத்தமான சிரிஞ்சால் எடுத்துக் கன்வர்ட்டரில் விடுவது என் வழக்கம். குப்பி மையும் கெடாது, அரைக் கன்வர்ட்டர் கணக்கும் தப்பாது.

எதில் ஊற்றவே கூடாது

எளிதில் பிரிக்க முடியாத எதிலும். 1941இல் வந்த பார்க்கர் 51, அதன் சாயலில் வந்து நம் வீடுகளில் எல்லாம் இருந்த ஹீரோ 616 போன்றவற்றில் நிப்பு கூட்டுக்குள் மறைந்திருக்கும். உள்ளே மை தேங்கும் நுண்ணிய அடுக்குகள், பின்னால் பை, பைக்குள் மெல்லிய குழாய். சாயம் கழுவினால் போகும். பொடி போய் உட்கார்ந்த இடத்துக்குப் பல்பும் எட்டாது, பிரஷும் எட்டாது. ரப்பர் பை வைத்த பழைய பேனாக்களும் அப்படித்தான். உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்கக்கூட வழியில்லை.

ஆசை விடாவிட்டால் அந்தப் பேனாவை வெறுமனே மையில் தொட்டு நாலு வரி எழுதிவிட்டு நிப்பைத் துடைத்து வையுங்கள். அப்பாவின் பழைய மூடுநிப்புப் பேனாவில் நான் தொடுவதோடு நிற்கவில்லை, ஒரு தீபாவளி வாழ்த்து எழுத முழுதாகவே நிரப்பினேன். அதன்பின் எத்தனை முறை கழுவினேன் என்று கணக்கில்லை. இன்றைக்கும் அதில் நீல மை ஊற்றி மளிகைக் கணக்கு எழுதினால், துவரம்பருப்புக்குப் பக்கத்தில் ஒரு தங்கப் புள்ளி விழுகிறது.